நூலடுக்கின் வரிசையும் வாசகரின் வழியும்: பொது நூலக ஒழுங்கமைப்பு வரலாற்றில் சீ. இரா. அரங்கநாதன்

ஆய்வுச் சுருக்கம்

பொது நூலகங்களில் நூல்களை வாசகர்க்கு எளிதாகும் வகையில் மாற்றி அடுக்கும் முயற்சி, புத்தகக் கடைகளைப் பார்த்து அண்மையில் தோன்றியது என்று கருதப்படுகிறது. இம்முயற்சியின் வரலாறு அதனினும் நெடியது. மாறா இட முறையிலிருந்து சார்பு இட முறைக்கும், மூடிய அடுக்கிலிருந்து திறந்த அடுக்கிற்கும் நூலகங்கள் நகர்ந்த காலத்திலேயே வாசகரின் வசதி பற்றிய வழக்கு தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன், பகுப்பு வரிசையைக் கைவிடாமலேயே அதனை வாசகர் பொருட்டு உடைத்து அடுக்கும் நெறியை உருவாக்கினார். அந்நெறியின் பின்னணியையும், தமிழ் நூல்களின் அடுக்குவரிசைக்கு அது தரும் வெளிச்சத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொது நூலகம், நூலடுக்கு, திறந்த அடுக்கு முறை, கோலன் பகுப்புமுறை, டூயி பகுப்புமுறை, அரங்கநாதன், உடைந்த வரிசை

முன்னுரை

2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்னும் ஊரில் பெர்ரி கிளை நூலகம் திறக்கப்பட்டபோது, அதன் அடுக்குகளில் டூயி பகுப்பெண்கள் இடம்பெறவில்லை. புத்தக வணிகர்கள் பயன்படுத்தும் பொருட்தலைப்புகளின்கீழ் நூல்கள் வைக்கப்பட்டிருந்தன. சமையல், தோட்டம், வரலாறு, உடல்நலம் எனச் சொற்களே வழிகாட்டின. மாரிக்கோப்பா மாவட்ட நூலகத் துறையின் இம்முடிவு நூலகர்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. நூலகம் கடையாகிவிட்டது என்று ஒரு சாராரும், கடையில் தடுமாறாத மனிதர் நூலகத்தில் ஏன் தடுமாற வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர்.

இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் ஒன்றில் உடன்பட்டிருந்தனர்: நடப்பது புதியது என்று இருவருமே நம்பினர். நூலடுக்கின் வரலாறு இந்நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. அடுக்கு யாருக்காக வரிசைப்படுகிறது என்னும் கேள்வி குறைந்தது 130 ஆண்டுகளாக நூலகங்களில் எழுப்பப்பட்டு வருகிறது. அதற்குக் கிடைத்த விடைகளுள் மிகவும் நுட்பமான ஒன்று சென்னையில் உருவாயிற்று. அவ்விடை இன்றைய விவாதங்களில் போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை.

இடம் மாறாத நூல்கள்

நூலுக்கு எண் இடும் வழக்கம் பொருளைக் குறிப்பதற்காகத் தோன்றியதன்று. இடத்தைக் குறிப்பதற்காகத் தோன்றியது. எந்த அறை, எந்த அலமாரி, எந்தத் தட்டு, அத்தட்டில் எத்தனையாவது நூல் என்பதே பழைய குறியீடுகள் சொன்ன செய்தி. இங்கிலாந்தில் சர் இராபர்ட் காட்டன் (1571–1631) திரட்டிய சுவடித் தொகுதி இதற்குச் சிறந்த சான்றாகும். அவரது நூலக அலமாரிகளின் மேல் உரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள் இருந்தன. எந்தச் சிலையின்கீழ் எந்தத் தட்டில் சுவடி இருந்ததோ அதுவே சுவடியின் பெயராயிற்று. பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பேவுல்ஃப் இன்றும் 'விடெல்லியஸ் ஏ 15' என்றே பிரித்தானிய நூலகத்தில் குறிக்கப்படுகிறது. விடெல்லியஸ் என்னும் பேரரசனுக்கும் அக்காப்பியத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அலமாரியும் சிலையும் போய்விட்டன. குறியீடு மட்டும் நிலைத்துவிட்டது.

மாறா இட முறை எனப்படும் இவ்வொழுங்கில், நூலின் இருப்பிடம் நூலகப் பணியாளருக்கு மட்டுமே தெரிந்தால் போதும். வாசகர் அடுக்கின் அருகே வருவார் என்ற எதிர்பார்ப்பே அதில் இல்லை. புதிய நூல்கள் வந்தால் அவை வரிசையின் இறுதியில்தான் சேரும். ஒரே பொருள்பற்றிய இரு நூல்கள் இருபது அடி இடைவெளியில் நிற்கலாம். தமிழ் அச்சுநூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்துக் காட்டிய ஜான் மர்டாக்கின் பட்டியல் 1865இல் சென்னையில் வெளிவந்தது. அப்பகுப்பும் பட்டியலின் பக்கங்களில்தான் நிகழ்ந்தது. பொருளொழுங்கு பட்டியலுக்குரியது, இட ஒழுங்கு அடுக்குக்குரியது என்னும் பிரிவினை அக்காலத்தில் பொதுவாக ஏற்கப்பட்டிருந்தது.

அப்பிரிவினையை நீக்கியவர் மெல்வில் டூயி. 1876இல் ஆசிரியர் பெயரின்றி 44 பக்கங்களில் வெளிவந்த அவரது பகுப்புத் திட்டம், எண்ணை அலமாரியிலிருந்து பிரித்து நூலோடு பிணைத்தது. எண் இப்போது நூலின் பொருளைக் குறித்தது. நூலின் இடம் அதன் அண்டை நூல்களைச் சார்ந்து அமைந்தது. இரு நூல்களுக்கு நடுவே எத்தனை புதிய நூல்கள் வந்தாலும் எண்ணை மாற்றாமல் இடம் தரலாம். இன்று வாசகரை அச்சுறுத்துவதாகச் சொல்லப்படும் டூயி எண், தோன்றிய காலத்தில் வாசகரை அடுக்கருகே அழைத்துச் செல்வதற்கான அடிப்படை ஏற்பாடாக இருந்தது என்பதை மறத்தல் கூடாது. ஒரே பொருள்பற்றிய நூல்கள் ஒருங்கு நின்றால்தான் அடுக்கைத் திறந்துவிடுவதில் பொருளிருக்கும்.

குறிகாட்டிப் பலகையும் திறந்த அடுக்கும்

ஆயினும் அடுக்குகள் உடனே திறக்கப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலப் பொது நூலகங்களில் வாசகருக்கும் நூலுக்கும் நடுவே குறிகாட்டிப் பலகை என்னும் ஒரு கருவி நின்றது. ஆல்பிரட் காட்கிரீவ் என்னும் நூலகர் உருவாக்கிய வடிவம் பெரிதும் பரவியது. மரச்சட்டத்தில் ஆயிரக்கணக்கான சிறு பொந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு நூலின் எண். நூல் உள்ளதா வெளியே சென்றுள்ளதா என்பதை நிறம் காட்டும். வாசகர் அச்சிட்ட பட்டியலில் தலைப்பைத் தேடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பலகையில் நிறத்தைப் பார்த்து, பணியாளரிடம் எண்ணைச் சொல்லி நூலைப் பெறவேண்டும். நூலை முன்னரே அறிந்தவருக்கு இது போதுமானது. அறியாதவருக்கு எண்கள் நிறைந்த சுவர்.

லண்டன் கிளார்க்கன்வெல் பொது நூலகத்தின் நூலகர் ஜேம்ஸ் டஃப் பிரவுன் 1893இல் அமெரிக்கா சென்று வந்தார். கிளீவ்லாந்து முதலிய நகரங்களில் வாசகர் அடுக்கினுள் சென்று நூலெடுக்கும் வழக்கம் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 1894இல் பிரவுன் தம் நூலகத்தின் அடுக்குகளைத் திறந்துவிட்டார். பிரித்தானியப் பொது நூலக வரலாற்றில் இஃது ஒரு பிளவுக்கோடாகும். நூல்கள் திருடுபோகும், இடம் மாறும், அழுக்காகும் என எதிர்ப்பு எழுந்தது. குறிகாட்டிப் பலகைக்குக் கணிசமான பணம் செலவிட்டிருந்த நூலகங்கள் அவ்வளவு எளிதில் மனம் மாறுவனவாக இல்லை. பிரவுன் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் பணியாளர் இயக்கும் சிறு கதவுகளை அமைத்துத் தம் முறையைக் 'காப்புடைய திறந்த முறை' என்றார்.

அடுக்கு திறந்த பின்னரே அடுக்கின் வரிசை பொதுச் சிக்கலாயிற்று. பணியாளர் மட்டும் நடமாடிய இடத்தில் வரிசை எப்படியிருந்தாலும் அது அவர்களின் பழக்கத்தைப் பொறுத்தது. முன்பின் அறியாத ஒருவர் உள்ளே நுழையும்போது அவ்வரிசை அவரோடு பேச வேண்டியதாகிறது. பிரவுன் தாமே அடுத்தடுத்துப் பகுப்புத் திட்டங்களை உருவாக்கி, 1906இல் 'பொருட்பகுப்பு' என்னும் முறையை வெளியிட்டதன் காரணமும் இதுவே. புனைகதையே அதிகம் படிக்கப்பட்டதால், அதை எங்கு வைப்பது என்பதும் வழக்காயிற்று. புனைகதைகளை நடுத்தட்டுகளில் நாடாபோல் ஓடவிட்டு, மேலும் கீழும் பிற நூல்களை வைத்துப் பார்த்த நூலகங்களும் உண்டு. நாவல் தேடும் கண் வரலாற்றின்மீதும் அறிவியலின்மீதும் படட்டும் என்பது அவர்களின் கணக்கு.

சென்னைப் பல்கலைக்கழக நூலகமும் அரங்கநாதனும்

1892இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிற்றுவித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே பயிற்சிக்காக லண்டன் சென்றவர், பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் பகுப்பாக்கம் பயின்றார். சேயர்ஸ் குராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகரும் ஆவார். அந்நூலகத்தையும் பிரித்தானியாவின் பல நூலகங்களையும் அரங்கநாதன் நேரிற் கண்டார். ஒரே தொழிலைச் செய்யும் நூலகங்கள் தமக்குள் இத்துணை வேறுபட்டிருப்பதற்குப் பொதுக் கோட்பாடு இல்லாமையே காரணம் என்பது அவர் கொண்ட முடிவு.

கோலன் பகுப்புமுறையின் கரு அவருக்கு லண்டனில் ஒரு பெரிய அங்காடியில் கிடைத்தது என்பது நூலகவியல் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளின் ஒரே துண்டுகளைக் கொண்டு வெவ்வேறு உருவங்களை அமைத்துக் காட்டியதைக் கண்டு, பொருளையும் கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் எனத் துணிந்தார். நூலகத்தைக் கடையாக்குகிறார்கள் என்று இன்று வருந்துவோர், நூலகப் பகுப்பின் மிக நுண்ணிய முறை ஒன்று கடையிலிருந்து தொடங்கியதையும் எண்ணிப் பார்க்கலாம்.

1925இல் நாடு திரும்பிய அரங்கநாதன் சென்னையில் திறந்த அடுக்கு முறையை நடைமுறைப்படுத்தினார். 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவரது 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' அடுக்கைப் பற்றி மிகுதியாகப் பேசும் நூலாகும். நூல் பயன்பாட்டுக்குரியது என்னும் முதல் விதியிலிருந்தே அவர் அடுக்கின் உயரத்தை வருவிக்கிறார். சராசரி உயரமுடைய ஒருவர் வெறுந்தரையில் நின்று மேல்தட்டை எட்ட முடியாவிட்டால் அந்த அடுக்கு பாதுகாப்புக்காகக் கட்டப்பட்டது, பயன்பாட்டுக்காகக் கட்டப்பட்டதன்று. ஏணி தேவைப்படும் அலமாரி முதல் விதியை மீறிய அலமாரி. இவ்வளவு பருப்பொருளான ஒன்றை ஒரு கோட்பாட்டிலிருந்து பெறுவது கணித ஆசிரியரின் மனப்போக்கு எனலாம்.

மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித் தரச் சொல்கிறது. திறந்த அடுக்கை அரங்கநாதன் வேண்டுவது முதன்மையாக இவ்விதியின் பேரில்தான். வாசகரின் உரிமை என்னும் கோணத்தைவிட நூலின் தரப்பிலிருந்து அவர் வாதிடுவது குறிப்பிடத்தக்கது. நூலுக்கு வாயில்லை, தன்னைத் தேடி வராதவரின் கண்ணில் தானாகப் படுவது ஒன்றே அதற்குள்ள வழி. எனவே புதுவரவுகளை வாயிலருகே காட்சிக்கு வைத்தலும், அடுக்கினிடையே வழிகாட்டும் பலகைகளை அமைத்தலும் அலங்காரமாகாமல் கடமையாகின்றன. வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்லும் நான்காம் விதி இக்கடமையை மேலும் இறுக்குகிறது. இடைவழிக்கு ஒரு வழிகாட்டி, அடுக்குப் பத்திக்கு ஒன்று, ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று என அவர் வகுத்த ஏற்பாட்டில், எண்ணோடு சொல்லும் எழுதப்பட்டிருக்கும். எண்ணா சொல்லா என்னும் இன்றைய எதிர்நிலை அவரிடம் இல்லை.

பிறந்த ஆண்டின்படி நின்ற கவிஞர்கள்

1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை தமிழ் நூல்களின் அடுக்கில் என்ன மாற்றத்தைக் கொணர்ந்தது என்பதைத் தனியே காண வேண்டும். டூயி முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்னும் மூன்றிலக்க எண் கிடைத்திருக்க, தமிழ் இலக்கியம் பிறமொழி இலக்கியங்களுக்குரிய 890இன் உட்பிரிவாக 894.811 என நின்றது. தமிழ்க் கவிதைக்கு 894.8111, தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. அமெரிக்க நூலகத்தில் ஒரு தட்டுக்கும் குறைவாக இருந்த தொகுதிக்கு இது பொருந்தலாம். தமிழ்நாட்டில் ஒரு நூலகத்தின் பெரும்பகுதியே அவ்வெண்ணின் கீழ்தான் வரும். அறைமுழுவதும் ஒரே நீண்ட எண் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தால் அந்த எண் வாசகருக்கு எதையும் உணர்த்துவதில்லை. உள்ளூர் இலக்கியத்தை முன்னிறுத்திக்கொள்ள டூயி முறை மாற்று வழிகளை அளித்துள்ளது உண்மையே. ஆனால் அவை விருப்பத் தேர்வுகளாகவே உள்ளன.

சமய நூல்களில் இவ்வேற்றத்தாழ்வு இன்னும் வெளிப்படை. 200 முதல் 299 வரையிலான எண்களில் 220 தொடங்கி 289 வரை விவிலியத்துக்கும் கிறித்துவத்துக்கும் சென்றன. சைவம் 294.5513 எனவும் வைணவம் 294.5512 எனவும் நான்கு பதின்ம இலக்கங்களுக்குள் ஒடுங்கின. கோலன் முறையில் வேத சமயம், அதன் பின்வந்த வைணவம், சைவம், சமணம், பௌத்தம், யூதம், கிறித்துவம், இசுலாம் எனச் சமயங்கள் ஏறத்தாழ ஒத்த நீளமுள்ள எண்களோடு வரிசையில் நிற்கின்றன.

இலக்கியத்தில் அரங்கநாதன் செய்த ஏற்பாடு இன்னும் துணிவானது. 'ஓ' என்னும் உரோம எழுத்து இலக்கியத்தைக் குறிக்கும், 31 தமிழை, 1 கவிதையை. அதன்பின் ஆசிரியரின் பிறந்த ஆண்டு வரும். 1800 முதல் 1899 வரையுள்ள ஆண்டுகளுக்கு 'எம்' என்னும் எழுத்து. எனவே 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எம்76. 1882இல் பிறந்த பாரதி எம்82. 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் எம்88. 1891இல் பிறந்த பாரதிதாசன் எம்91. அடுக்கின்முன் நிற்பவரின் கண் இடமிருந்து வலமாக நகரும்போது தமிழ்க் கவிதையின் வரலாறே நகர்கிறது. நூலக மொழி எதுவோ அதற்கு எண்ணையே விட்டுவிட்டு ஒரு சிறு கோடு மட்டும் இடலாம் என்றும், தாய்நாட்டுக்கு 2 என்னும் ஓரிலக்கத்தைக் கொடுக்கலாம் என்றும் அவர் வகுத்தார். எந்த நாட்டு நூலகமும் தன்னை மையமாக வைத்து அடுக்கிக்கொள்ளும் உரிமை அதன்வழி முறையின் உள்ளேயே அமைந்தது.

இவ்வேற்பாடு ஆய்வாளர்க்கு அரிய கொடை. பொது வாசகருக்கு அவ்வாறு ஆகுமா என்பது ஐயத்துக்குரியது. பாரதிதாசனைப் படிக்க விரும்புபவர் அவரது பிறந்த ஆண்டை அறிந்திருக்க வேண்டியதில்லை. அகரவரிசையில் தேடவே அவர் கை பழகியிருக்கும். அகரவரிசையும் தமிழில் அத்துணை எளிதன்று. தேசிகவிநாயகம் பிள்ளை 'க'வில் நிற்பாரா 'த'வில் நிற்பாரா? புதுமைப்பித்தனை 'வி'ருத்தாசலமாகத் தேடுவார் யார்? தலைப்பெழுத்தை விட்டு இயற்பெயரால் அடுக்குவதா, தலைப்பெழுத்தோடு அடுக்குவதா என்பதிலும் நூலகத்துக்கு நூலகம் வேறுபாடு தோன்ற இடமுண்டு. பாரதியும் பாரதிதாசனும் புனைபெயரால் அடுக்கினாலும் சுப்பிரமணியம், சுப்புரத்தினம் என்னும் இயற்பெயரால் அடுக்கினாலும் அருகருகேதான் நிற்பார்கள். பிறந்த ஆண்டால் அடுக்கும்போது மட்டும் நாமக்கல் கவிஞர் நடுவே வந்துவிடுகிறார்.

பழைய நூல்களில் சிக்கல் பெரிதாகிறது. திருவள்ளுவரின் பிறந்த ஆண்டைக் கேட்கும் பகுப்புமுறை, தமிழாய்வின் நெடிய விவாதம் ஒன்றில் நூலகரை நடுவராக்கிவிடுகிறது. சங்கப் புலவர்க்கும் இஃதே நிலை. பகுப்பாளர் ஏதேனும் ஒரு காலக் கணிப்பை ஏற்றே ஆகவேண்டும். அக்கணிப்பு அடுக்கில் நிலைபெற்று, அதைப் பார்த்துப் பழகும் மாணவர் மனத்திலும் நிலைபெறும். எந்த அடுக்குவரிசையும் நடுநிலையானதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வரிசையை உடைத்தல்

கோலன் முறையின் கடுமையை அரங்கநாதன் அறியாதவரல்லர். பகுப்பு வரிசையில் ஒரு நூலின் இருபுறமும் அதற்கு நெருங்கிய நூல்களும், அவற்றுக்கு அப்பால் ஓரளவு தொடர்புடையவையும், அப்பால் அயலானவையும் நிற்கவேண்டும் என்பது அவரது விதி. மையத்திலிருந்து விலக விலக உறவு மங்கும் இந்நிலையை நிழலின் கருமைக்கு ஒப்பிட்டு அவர் விளக்கினார். ஆயினும் ஒரே நீண்ட வரிசையாக நூலகம் முழுவதையும் அடுக்கிவிட்டால் விதிகள் நிறைவேறிவிடும் என அவர் எண்ணவில்லை. தேவையறிந்து வரிசையை உடைக்கவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. உடைந்த வரிசை என அவர் பெயரிட்ட இந்நெறி, அவரது கோட்பாட்டில் பிழைபொறுத்தலாக இடம்பெறவில்லை, விதியாகவே இடம்பெற்றது.

உடைப்பதற்கான காரணங்கள் பல. மிகச் சிறிய நூலும் மிகப் பெரிய படநூலும் ஒரே தட்டில் நின்றால் இடமும் வீணாகும், நூலும் சிதையும். புதிதாக வந்தவை வாயிலருகே சிறிது காலம் நிற்கவேண்டும். ஊரில் ஒரு விழாவோ நாட்டில் ஒரு நிகழ்வோ பேசப்படும்போது அதுபற்றிய நூல்கள் எந்தப் பகுப்பில் இருந்தாலும் ஓரிடத்தில் கூடவேண்டும். குறிப்புதவி நூல்கள் வாசிப்பறையில் தங்கவேண்டும். இப்படி வரிசையிலிருந்து பிரிந்த ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் அடையாளம் உண்டு. அளவிற் சிறிய நூலின் நூலெண்ணுக்குக் கீழே ஒரு கோடு. பெரிய நூலுக்கு மேலே ஒரு கோடு. இயல்புக்கு மாறான நூலுக்கு மேலும் கீழும் கோடு. பிற தொகுதிகளுக்குத் தனி எழுத்துக் குறியீடுகள். நூல் எங்கே சென்றிருந்தாலும் பட்டியல் அட்டையைப் பார்ப்பவர் அதன் இருப்பிடத்தை அறிவார். காலம் முடிந்ததும் நூல் எங்கே திரும்பவேண்டும் என்பதையும் பகுப்பெண்ணே சொல்லும்.

இந்தக் கடைசிக் கூறுதான் முதன்மையானது. வரிசையை உடைக்கும் உரிமை, அதை மீண்டும் கூட்டும் வழி கையில் இருக்கும்போதுதான் நூலகருக்குக் கிடைக்கிறது. வாசகருக்காக மாற்றி அடுக்கும் பிற்கால முயற்சிகளை அளந்து பார்க்க இஃது ஏற்ற அளவுகோலாகும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் பொது நூலகம் 1940களில் ரால்ஃப் உல்வெலிங் இயக்குநராக இருந்த காலத்தில், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நூல்களை வாசகரின் ஆர்வங்களைக் கொண்டு அடுக்கியது. குடும்பம், நடப்புச் செய்தி, பொழுதுபோக்கு முதலிய வாழ்க்கைத் தேவைகள் தலைப்புகளாயின. குறிப்புதவிப் பிரிவில் டூயி வரிசை அப்படியே தொடர்ந்தது. மேற்கு ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகர நூலகத்தின் ஹைன்ஸ் எமுண்ட்ஸ் 1970களில் முன்வைத்த 'மூன்று பகுதி நூலகம்' இன்னும் தெளிவானது. வாயிலருகே ஆர்வத்தின்படி அமைந்த அண்மைப் பகுதி. அதற்கு அப்பால் பகுப்பு வரிசையில் அமைந்த நடுப்பகுதி. குறைவாகப் படிக்கப்படும் நூல்களுக்கு உள்ளே ஒரு கிடங்கு. எதைத் தேடுகிறோம் எனத் தெரியாமல் வருபவர் முதற்பகுதியிலேயே நின்றுவிடலாம். தெரிந்து வருபவர் நேரே இரண்டாம் பகுதிக்குச் செல்லலாம். டெட்ராய்ட்டும் மூன்ஸ்டரும் அரங்கநாதனைப் பின்பற்றியவை எனச் சொல்வதற்கில்லை. எனினும் இரண்டிலும் செயற்பட்டது உடைந்த வரிசையே.

எண்ணை நீக்கிய அடுக்கு

கில்பர்ட் நூலகம் இவற்றிலிருந்து வேறுபடும் இடம் இதுவாகும். அங்கே அடுக்கின் ஒரு பகுதி மட்டும் உடைக்கப்படவில்லை. அடுக்கு முழுவதும் சொல்லாயிற்று. 2009இல் கொலராடோ மாநிலத்தின் ரேஞ்ச்வியூ நூலகத் துறை தன் கிளைகள் அனைத்துக்கும் இவ்வழியைக் கைக்கொண்டது. நெதர்லாந்தின் அல்மேர நகரில் 2010இல் திறக்கப்பட்ட நூலகம் கடைகளின் காட்சி உத்திகளைப் பின்பற்றி, வாசகர் வகைகளுக்கேற்பத் தன் இடத்தைப் பிரித்தது. நூலின் முதுகு மட்டும் தெரியாமல் முகப்பும் தெரியும்படி வைப்பதும் இம்முயற்சிகளின் ஒரு கூறு. இஃது அரங்கநாதனின் மூன்றாம் விதிக்கு முற்றிலும் உடன்பாடானதே.

சில ஆயிரம் நூல்கள் உள்ள கிளை நூலகத்தில் சொல்வழி அடுக்கு நன்கு இயங்கும். தொகுதி பெருகும்போது 'வரலாறு' என்னும் ஒரு சொல்லின்கீழ் அறுநூறு நூல்கள் நின்றால் அதனுள் மற்றொரு வரிசை தேவைப்படும். அதனுள் மேலும் ஒன்று. சொற்களைச் சொற்களால் பிரித்துக்கொண்டே சென்றால் இறுதியில் கிடைப்பது பெயரில்லாத ஒரு பகுப்புமுறையே. மேலும், கடைக்கு வருபவர் அங்கு இல்லாத நூலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நூலகத்திலோ குறிப்பிட்ட ஒரு நூலைத் தேடி வருபவருக்கு அஃது உள்ளதா, எந்தத் தட்டில் என்று ஐயமின்றிச் சொல்லவேண்டிய கடப்பாடு உண்டு. திரும்பி வரும் நூலைப் பணியாளர் மறுநாளே சரியான இடத்தில் வைப்பதும் இதைப் பொறுத்ததே. இவ்வகையில் டெட்ராய்ட், மூன்ஸ்டர் ஆகியவற்றின் இருவழி ஏற்பாடு முழுமாற்றத்தைவிட உறுதியானது எனக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இக்கேள்வி வேறு வடிவில் எழுகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாகிய 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், அரங்கநாதனின் நீண்ட முயற்சியின் பயன். அச்சட்டத்தின் வழி மாவட்ட நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எனப் பரந்த அமைப்பு உருவாயிற்று. இவற்றுள் ஓரறை நூலகத்துக்கு ஏழிலக்கப் பகுப்பெண் மிகை. ஆனால் எண்ணை எடுத்துவிட்டுச் சொல்லை வைக்கும்போது எந்தச் சொல் என்பது உடனே எழும் வினா.

தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பகுப்பெண்ணில் அவை சமயத்திலோ கவிதையிலோ நிற்கும். எங்கு நின்றாலும் எண் வாசகரிடம் ஒன்றும் சொல்லாது, பட்டியல் இரு இடங்களிலிருந்தும் அவரை அங்கே கொண்டு சேர்க்கும். அடுக்கின்மேல் 'ஆன்மிகம்' என்று எழுதியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. தமிழ்ப் புத்தகக் கடைகளில் அச்சொல்லின்கீழ் விரத நூல்களும் கோயில் வழிகாட்டிகளும் சாமியார்களின் சொற்பொழிவுகளும் நிற்கின்றன. யாப்பும் பண்ணும் பயில வரும் மாணவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். 'இலக்கியம்' என்று எழுதிய அடுக்கில் வைத்தால், நாள்தோறும் பதிகம் ஓதும் முதியவர் அங்கே தேடமாட்டார். சித்தர் பாடல்கள் மருத்துவத்தில் நிற்பதா, சமயத்தில் நிற்பதா, கவிதையில் நிற்பதா என்பதும், தலித் தன்வரலாறுகளுக்குத் தனிப்பலகை வைப்பது அவற்றைக் கண்ணில் படச்செய்யுமா, பொது வரிசையிலிருந்து ஒதுக்கிவிடுமா என்பதும் இதே இனத்தைச் சேர்ந்த வினாக்கள். இவற்றுக்கு ஒரே தீர்ப்பு இல்லை. தேவாரத்தின் ஒரு படியைப் பதிகம் ஓதுபவர் கைக்கெட்டும் இடத்திலும் மற்றொரு படியைக் கவிதை வரிசையிலும் வைத்து, இரண்டின் முதுகிலும் ஒரே பகுப்பெண்ணை எழுதி, முதற்படியில் மட்டும் தொகுதிக் குறியீடு ஒன்றைச் சேர்த்துவிட, அரங்கநாதனின் முறையில் இன்றும் தடையொன்றும் இல்லை.